பேசினேன் என்று சொன்னேன்

அந்தத் தாளை இன்றைக்கும் முகர்ந்தால் தும்மல் வருகிறது. மிளகாய்த்தூள் சுற்றி வந்த தாள். புவியியல் புத்தகத்தின் நடுவே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தும் அதன் காரம் போகவில்லை. சற்று முன் அதை எடுத்து விரித்தபோது தும்மல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டைக் கையை வாய்க்குள் திணித்து அடக்கிக்கொண்டேன். அம்மா எழும்பினால் விளக்கை ஊதிவிடுவார். "செத்த பிள்ளைக்குக் காயிதமோ? அதுக்கும் மண்ணெண்ணெய் வேணுமோ?" என்று ஏசுவார். ஏச்சு வாங்குவது பெரிதில்லை. இதைப் பிடுங்கி வாசித்துவிட்டால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பாயில் குப்புறப் படுத்து, கிடுகு ஓலைச் சுவரின் இடுக்கால் வெளிச்சம் வெளியே போகாதபடி விளக்கை இரண்டு புத்தகங்களால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். விடிந்தால் உன் அம்மா வருவார். அதற்கு முன் நான் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

தாளில் நீ பார்த்த எல்லாம் அப்படியே இருக்கின்றன. குகை வாசலில் குந்தியிருக்கும் பெண்ணின் படம். அவளுடைய தடித்த புருவ எலும்பின் மேல் எண்ணெய்க் கறை. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: "நியண்டர்தால் மனிதர் பேசினார்களா?"

அப்பா மல்லாவிக்குச் சைக்கிளில் தேங்காய் கொண்டுபோய் விற்றுவிட்டு மிளகாய்த்தூளோடு கொண்டுவந்த தாள் அது. எந்தச் சஞ்சிகையில் இருந்து கிழித்தார்களோ தெரியாது. எழுத்து உள்ள எதையும் எறியக்கூடாது என்பது உன் சட்டம் என்பதால், தூளைத் தட்டிவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். தலைப்பை வாசித்துவிட்டு உன்னிடம் நான் கேட்டது நினைவிருக்கிறதா?

"ஆரையடி பேசினவை?"

நீ சிரித்த சிரிப்பில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. "மறுபடியுமாடி?" என்றாய்.

மறுபடியும்தான். முதல் முறை, நீ எங்கள் தர்மபுரப் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று. கிளிநொச்சியில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து, இடது காது போய், இடம்பெயர்ந்து வந்திருந்தாய். வகுப்பு ரீச்சர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கனநேரம் வைத்திருந்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்ததும் கேட்டேன்.

"என்னவாம்?"

"டீச்சர் பேசினாங்க."

"ஐயோ பாவம். ஏன் பேசினவா?"

"சும்மாத்தான். ரொம்ப நேரம் பேசினாங்க. நல்லாப் பேசினாங்க."

"நல்லாப் பேசினவாவோ? அழுதனியோ?"

"எதுக்குப் புள்ள அழணும்?"

உன்னைப் போல மானம்கெட்டவளை நான் கண்டதில்லை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பேசுவது என்றால் ஏசுவது. வாயால் சொல்லும் மற்றதெல்லாம் கதைப்பதுதான். உங்கள் வீட்டில் கதை என்றால் ராசா ராணிக் கதை, பேசுவது என்றால் சும்மா வாய் பேசுவது, ஏசினால் அது திட்டுவது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள், எடுத்தது. தேயிலைத் தோட்டத்தில் இருந்து உன் தாத்தா கொண்டுவந்த சொல் அது என்று நீ சொன்னாய். யாழ்ப்பாணத்தில் இருந்து என் அப்பாவின் அப்பா கொண்டுவந்த சொல் இது என்று நான் சொன்னேன். இரண்டும் வந்து வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

தாள் வந்த காலத்தில் உன் வலது காதும் மங்கத் தொடங்கியிருந்தது. சீழ் வடிந்து, சில நாள் தணிந்து, பிறகும் வடிந்தது. எல்லாச் சத்தமும் ஒரேயடியாகப் போகவில்லை. "ஆ கேக்குது, ஓ கேக்குது. ச கேக்கல. த, க எல்லாம் எங்கியோ போயிருச்சு" என்றாய். என் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாய். நடுவில் ஓட்டை விழுந்த பாயைப் போல அது உனக்குக் கேட்டதாம்.

பிறகு அந்தத் தாளை நாங்கள் வரிவரியாக வாசித்தோம். நியண்டர்தால் மனிதர் அழிந்துபோன ஓர் இனம், நம்முடைய தூரத்துச் சொந்தம் என்று இருந்தது. அவர்கள் ஒருவருடைய எலும்புக்கூட்டில், நாக்குக்குக் கீழே இருக்கும் சின்ன எலும்பு ஒன்று கிடைத்திருக்கிறது. வேறு எந்த எலும்போடும் ஒட்டாமல் தசையில் தொங்கும் லாட வடிவ எலும்பு. அது நம்முடையதைப் போலவே இருக்கிறதாம். அதனால் அவர்கள் பேசினார்கள் என்று சிலரும், எலும்பை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று சிலரும் சண்டை. அதற்குக் கீழேதான் காதைப் பற்றி எழுதியிருந்தது. பேச்சில் மெய்யெழுத்துச் சத்தங்கள் மெல்லியவை, கூர்மையானவை. மனிதருடைய காது அவற்றை நன்றாகப் பிடிக்கும். மனிதக் குரங்கின் காது அந்த இடத்தில் கொஞ்சம் மந்தம். நீ அந்த வரியில் விரலை வைத்தாய்.

"இதாண்டி எனக்கு. நான் திரும்பிப் போய்க்கிட்டிருக்கேன். கொஞ்ச நாள்ல குகைக்குப் போயிருவேன்."

"போனால் எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை," என்றேன். "பங்கரை விட நல்லாயிருக்கும்."

நீ சிரிக்கவில்லை. படத்தில் இருந்த பெண்ணைக் காட்டினாய். "பேசினாங்களான்னு எதுக்குக் கேக்கறாங்க? மொதல்ல காது கேட்டுச்சான்னுல்ல கேக்கணும். கேக்க ஆளில்லாம எவ பேசுவா?" என்றாய்.

தாள் ஒரு வாக்கியத்தின் நடுவில் கிழிந்திருந்தது. காதுக்குள் இருக்கும் மூன்று சிறிய எலும்புகள், சம்மட்டி, பட்டடை, ஏந்தி, பழைய எலும்புக்கூடுகளில் கிடைப்பது அரிது என்றும், கிடைத்தவற்றை அளந்து பார்த்தால்தான் தெரியும் என்றும் சொல்லிவிட்டு, "அவர்களுடைய செவி எதற்காக" என்ற இடத்தில் முடிந்துபோனது. மீதியைத் தேடி அப்பாவை மறுமுறையும் அந்தக் கடைக்கு அனுப்பினேன். அவர் சீனி சுற்றிய ஒரு கணக்குத் தாளோடு வந்தார். நீதான் சோற்றுப் பருக்கையால் கொப்பித் தாளின் ஒரு கீற்றை அடியில் ஒட்டி, பென்சிலால் மீதியை எழுதினாய். இப்போதும் வாசிக்க முடிகிறது. "இருந்தது என்றால், பக்கத்தில் இருக்கிறவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க."

மாரி மழை தொடங்கியபோது உனக்கு வலது காதும் நின்றுவிட்டது. நீ என் உதட்டைப் பார்க்கப் பழகினாய். அதில் எத்தனை கூத்து! "பாடு" என்று நான் சொல்ல, எங்கே மாடு என்று நீ வேலியைத் திரும்பிப் பார்த்தாய். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு விரலை என் தொண்டையில் வைத்துக்கொண்டாய். தாடைக்குக் கீழே, அந்த எலும்பு இருக்கும் இடத்தில். நான் கதைக்கும்போது அது அசைவதும் அதிர்வதும் விரலுக்குத் தெரியும், மூக்கால் வரும் ம சத்தம் அதிரும், ப சத்தம் நின்று வெடிக்கும் என்றாய். உதட்டையும் விரலையும் சேர்த்து நீ என்னைக் கேட்டாய். வகுப்பில் சிலர், "அங்கை பார், செவிடி கழுத்தை நெரிக்கிறாள்" என்பார்கள். நான் உனக்கு அதை மட்டும் சொல்லவில்லை.

கிபிர் விமானம் குண்டு போட வந்த நாட்களில் பங்கர்க் குழிக்குள்ளும் உன் விரல் அங்கேதான் இருந்தது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு அழ, நீ மட்டும் அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய். "ஒன் தொண்ட இன்னும் நடுங்குது. அப்ப அது போகல" என்பாய். நடுக்கம் நின்ற பிறகுதான் எழும்புவாய். என்னைப் போலப் பயந்தாங்கொள்ளியை நம்பி ஒருத்தி உயிரை வைத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

நீ என்னிடம் ஒவ்வொரு நாளும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் சரியாப் பேசுறேனாடி?"

உன் சத்தம் உனக்கே கேட்காது. அதனால் கேட்டாய். "ஓம், வடிவாய்க் கதைக்கிறாய்" என்று நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன். முதலில் அது உண்மை. பிறகு பாதி உண்மை. உன் ச காற்றாகிவிட்டது. த போய் வெறும் அ நின்றது. சத்தம் சில நேரம் கத்தலாகவும் சில நேரம் முணுமுணுப்பாகவும் வந்தது. பழக்கத்தால் எனக்கு விளங்கியது. பிறகு எனக்கும் விளங்காமல், விளங்கியது போலத் தலையாட்டினேன். நான் நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் அப்படிச் செய்தேன்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். நீ ஓடிப்போய் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாய். தலைப்பையும் நீயே சொன்னாய். குகை மனிதர் பேசினார்களா. ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். இடைவேளையில் வேப்பமரத்துக்குக் கீழே நின்று நீ சொல்லிப் பார்க்கத் தொடங்கினாய். கை நீட்டி, தலை நிமிர்த்தி, முழுச் சத்தத்தில். வகுப்பு முழுக்க வந்து சுற்றி நின்றது. ஒருவரும் கல்லெறியவில்லை. சிரித்தார்கள். உனக்குப் பின்னால் ஒருத்தி உன் வாயைப் போலத் தன் வாயைக் கோணிக் காட்டினாள். நீ என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். முடித்துவிட்டு வந்து, வழக்கம்போல் இரண்டு விரலை என் தொண்டையில் வைத்துக் கேட்டாய்.

"எப்பிடி?"

கோணிக் காட்டியவள், "சொல்லனடி, எப்பிடியாம்? நீதானே மொழிபெயர்க்கிறனி" என்றாள். எல்லாரும் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"வாயை மூடிக்கொண்டு இரு," என்றேன். "உன்ர கதை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. எனக்கும் விளங்கேல்லை. பெயரை வெட்டு. இனிக் கதைக்காதை."

கத்தினேனா மெல்லச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. உனக்கு அது ஒன்றுதான். உன் விரல் என் தொண்டையிலேயே இருந்தது. அந்தச் சொற்களை நீ ஒன்றுவிடாமல் விரலால் கேட்டாய்.

"எப்ப இருந்து?" என்று கேட்டாய். அது மட்டும் எனக்கு மிகத் தெளிவாக விளங்கியது.

"மாரியில இருந்து."

நீ விரலை எடுத்தாய். பென்சில் பிடித்த இடம் தடித்த அந்த இரண்டு விரலையும் பாவாடையில் துடைத்தாய். பிறகு நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டுமல்ல. ரீச்சர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோது கையைத் தூக்கினாய். யாராவது கேட்டால் தலையை அசைத்தாய். நானும் "கோபம்" போட்டுக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போய்விட்டேன். நீ முதலில் வரட்டும் என்று இருந்தேன். பிழை செய்தவள் நான். நீ வரவேண்டும் என்று காத்திருந்தவளும் நான்.

ஒன்பதாம் நாள் நீ பள்ளிக்கூடம் வரவில்லை. பதினோராம் நாள் உன் அப்பா உன்னைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன். உன் தலை அவருடைய முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. விழாமல் உன் அம்மாவின் சேலையால் உன்னை அவரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அடுத்த நாள் விடிய நீ இல்லை.

நீ போன பதினாறாம் நாள் கருமாதிக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். உன் அம்மா அடுப்படியில் இருந்து என்னை மட்டும் கூப்பிட்டார். பாதி எரிந்த விறகைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒன்னையத்தான் கேக்கணும்னு இருந்தேன் கண்ணு. கடைசி நாளெல்லாம் அவ வாயே தொறக்கல. எங்கிட்டயும் இல்ல, அவ அப்பாகிட்டயும் இல்ல. தல வலிக்குதும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத நாளே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன். ஒடம்பு கொதிக்கிறது எனக்கு மூணாம் நாளுதான் தெரியும். எதுக்குப் புள்ள அப்பிடி இருந்தா? ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

வழி நெடுகப் பயந்துகொண்டு வந்த கேள்வி அதுதான். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முற்றத்துக் கொடியில் உன் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. யாரோ அதைத் தோய்த்துப் போட்டிருந்தார்கள்.

"நான்தான் மாமி," என்றேன். "நான் பேசிப்போட்டன். அண்டைக்கு நான்தான் பேசினது."

உன் அம்மா விறகைக் கீழே வைத்தார்.

"நீ பேசினியா?"

"ஓம் மாமி."

"நல்லாப் பேசினியா கண்ணு?"

"ஓம். நல்லாப் பேசிப்போட்டன்."

அவர் என்னை இழுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். என் உச்சந்தலையில் அவருடைய கண்ணீர் விழுந்தது. "அது போதும்மா. எனக்கு அது போதும். ஊரே செவிடி செவிடின்னு ஒதுக்குச்சு. நீ ஒருத்தியாச்சும் கடைசிவரைக்கும் எம் புள்ளகூடப் பேசினியே. அவ ஒம் பேச்சக் கேட்டுக்கிட்டேதான் போயிருக்கா" என்றார்.

எங்கே பிழை வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு சொல். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிழமை சிரித்த அதே சொல். அதைத் திருத்த எனக்கு இன்னொரு சொல்தான் வேண்டியிருந்தது. அது என்ன என்று நீ சொல்லித்தந்து எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. பயத்தால் வாய் வரவில்லை என்று எழுதலாம். அது முழு உண்மையில்லை. அவருடைய நெஞ்சில் தலை இருந்தபோது எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, தப்பியும் ஆயிற்று என்று ஒரு ஆறுதல். இதை எழுதத்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

அதன் பிறகு இத்தனை மாதமாக உன் அம்மா குழாய்க் கிணற்றடியில் எல்லாருக்கும் சொல்கிறார். "இந்தப் புள்ளதான் எம் மககூடப் பேசிக்கிட்டிருந்துச்சு." எனக்கு வாளியை முதலில் நிரப்ப விடுகிறார்கள். முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டுவந்து தருகிறார். என் அம்மாவுக்கும் பெருமை. நேற்று உன் அம்மா வந்து, நீ எழுதத் தொடங்காமலே விட்ட மூன்று கொப்பிகள் இருக்கின்றன என்றும், அவற்றை நாளைக்கு எனக்குக் கொண்டுவந்து தரப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். கொப்பி கிடைக்காத இந்தக் காலத்தில் உன் அப்பா எங்கெங்கோ அலைந்து வாங்கிய கொப்பிகள். "அவகூடப் பேசினவளுக்குத்தான் அது சேரணும்," என்றார்.

அவற்றை நான் எப்படி வாங்குவேன்? வாங்கினால் முதல் பக்கத்தில் என்ன எழுதுவேன்?

தாளில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன். அவளுக்கும் அந்த எலும்பு இருந்தது. அவள் என்ன சொன்னாள், யாரைப் பார்த்துச் சொன்னாள், அது அவளுடைய பக்கத்தில் இருந்தவளுக்குச் சரியாகக் கேட்டதா என்று அந்த எலும்பைக் கண்டெடுத்தவர்களுக்குத் தெரியாது. உன்னையும் நாளை ஒருகாலம் யாராவது தோண்டி எடுத்தால் உன் தொண்டை எலும்பைப் பார்த்து, இவள் நன்றாகப் பேசியிருப்பாள் என்றுதான் எழுதுவார்கள். கடைசிப் பதினொரு நாள் எந்த எலும்பிலும் இருக்காது. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் அப்படியொன்று நடக்கவே இல்லை.

அதனால் பழகிக்கொண்டிருக்கிறேன். சத்தம் வராமல், வாயை மட்டும் அசைத்து. உங்கள் வீட்டுச் சொல், என் வாயில் இதுவரை ஒருமுறையும் வராத சொல். திட்டினேன். பேசினேன் என்று சொல்ல உதடு முதலில் மூடித் திறக்க வேண்டும். திட்டினேன் என்பதில் உதடு ஒட்டுவதே இல்லை. நாக்கு மட்டும் உள்ளே முட்டி முட்டிச் சொல்கிறது. உதட்டைப் பார்த்து இதை நீ பிடித்திருக்க மாட்டாய். விரல் வைத்துத்தான் பிடித்திருப்பாய்.

நீ வைக்கும் இடத்திலேயே இரண்டு விரலை வைத்துப் பார்க்கிறேன். மாமி, நான் அவளைத் திட்டினேன். எலும்பு மேலே ஏறி இறங்குகிறது. இன்னும் நடுங்குகிறது.

நாளைக்கு உன் அம்மா கொப்பிகளை நீட்டும்போது, முதலில் அந்தக் கையை எடுத்து இந்த இடத்தில் வைக்கப்போகிறேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன்.